இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் செயன்முறை அகழ்வு

பயிற்சிக் கணினிகளில் பதிவாகும் தடங்களைக் கொண்டு, பயிலுநர் எந்த வழியால் விடைக்கு வந்தார், எங்கே தடக்குப்பட்டு நின்றார் என்பதை வரைபடமாக மீட்டெடுக்கும் முறை இது. புள்ளித்தாள் காட்டாததை இது காட்டுகிறது.

செயன்முறை அகழ்வு வகுப்பறையில் பிறந்ததன்று. அலுவலகங்களில் வேலை உண்மையில் எப்படி நகர்கிறது என்று அறிவதற்காக, நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் குழுவினர் இதை வளர்த்தனர். எந்த வேலை, அதில் என்ன செய்யப்பட்டது, எப்போது என்ற மூன்றும் பதிவில் இருந்தாற் போதும்.

செக் குடியரசின் பிர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் மாட்சாக், ராடெக் ஒஷ்லெய்ஷெக் முதலானோர் இதைப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கொண்டுவந்தனர். அங்குள்ள 'கிபோ' பயிற்சித்தளத்தில் பயிலுநர் மெய்நிகர் வலையமைப்பொன்றுக்குள் கட்டம் கட்டமாக முன்னேறுவார்: என்மேப் கருவியால் திறந்த வாயில்களைத் தேடுவார், பலவீனமான சேவையைக் கண்டு உள்நுழைவார், மறைத்துவைத்த குறிச்சொல்லை எடுத்துக் கொடுப்பார். பிழையான விடை, கேட்ட உதவிக்குறிப்பு, தட்டச்சிட்ட கட்டளை எல்லாம் நேரத்தோடு பதிவாகும். ஒரே கட்டளையை ஒருவர் திரும்பத் திரும்ப இட்டால் வரைபடத்தில் அது சுழலாகத் தெரியும். வகுப்பே ஒரே இடத்தில் சுழன்றால் குறை பெரும்பாலும் வினாவில்தான் இருக்கும். ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

கட்டளைகளை அகழ்வுக்கு அப்படியே கொடுத்தால் கிடைப்பது இடியப்பச் சிக்கல். ஒரே கருவியை ஒவ்வொருவரும் வெவ்வேறு தெரிவுகளோடு இயக்குவதால், முதலில் அவற்றைக் கருவியின் பெயரால் தொகுத்து, கட்டம்வாரியாகப் பிரிக்க வேண்டும். 2007இல் வெளிவந்த 'ஃபசி மைனர்' என்ற அகழ்வு வழிமுறை அரிய வழிகளை மறைத்துப் படத்தைத் தெளிவாக்கும். வகுப்பறையிலோ அந்த அரிய வழிதான் ஒரு மாணவரின் சொந்தக் கண்டுபிடிப்பாக இருக்கலாம். ஆகவே மறைப்பதற்கு முன் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

இலங்கையில் பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆகவே பயிற்சி மூடிய சூழலிலேயே நடக்க வேண்டும். மசாரிக் பல்கலைக்கழகமே வெளியிட்ட 'சைபர் சாண்ட்பாக்ஸ் கிரியேட்டர்' சாதாரண மேசைக் கணினியில் அத்தகைய சூழலை அமைக்கும்; பகுப்பாய்வுக்கான 'பிஎம்4பை' நிரல்தொகுதியும் திறமூலமே. பருத்தித்துறைப் பாடசாலையொன்றின் கணினி அறைக்கும் இவை எட்டக்கூடியவை. பெயரோடு சேமித்த பதிவு தனிப்பட்ட தரவு என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, பெயருக்குப் பதில் இலக்கம் இடுவது நல்லது. கணினிகளின் கடிகாரங்களையும் முன்கூட்டியே ஒன்றுபடுத்த வேண்டும். சில வினாடி பிசகினாலும், உதவிக்குறிப்பைப் பார்த்த பின் இட்ட கட்டளை அதற்கு முன் இட்டதாகப் படத்தில் ஏறிவிடலாம்.