கிரகணத்தின் மேல் போட்ட பழி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். சின்ன வயதிலேயே தொடை எலும்பு இரண்டு முறை முறிந்து, கால் வளைந்து, விந்தி விந்தி நடப்பாள். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். அதே தொடையில் ஒரு கட்டி. புற்றுநோயோ என்று பயந்து எம்.ஆர்.ஐ., பயாப்சி எல்லாம் எடுத்திருக்கிறார்கள். அறிக்கையைக் காட்டி, "சார், இது பிரெஞ்சுப் பேர் மாதிரி இருக்கே?" என்றாள்.

மசாப்ரோ சிண்ட்ரோம் என்று இருந்தது.

1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் நம்முடையது. பிரெஞ்சுப் பெயரைப் பார்த்தால் காரைக்கால்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

இதில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார் போன்ற திசு வளர்வது. இதற்கு ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்று பெயர். எலும்பு வலுவிழந்து வளையும், முறியும். மற்றொன்று, பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் அந்த எலும்பை ஒட்டிய தசைக்குள் நுங்கு போல வழவழப்பான கட்டிகள் வருவது. மிக்சோமா என்பார்கள். அது புற்றுநோய் அல்ல. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் நூறை ஒட்டித்தான் இருப்பார்கள்.

1926இல் ஹென்ஷன் என்பவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அது அப்படியே கிடந்தது. 1967இல் மசாப்ரோ என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய சகாக்களும், இந்த இரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல என்று எழுதினார்கள். பெயர் நிலைத்தது. ஆனால் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

காரணம் வேறொரு வழியில் கிடைத்தது. இதே எலும்புக் கோளாறோடு தோலில் பழுப்புத் திட்டுகளும் வரும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் மெக்யூன், ஆல்பிரைட் என்ற இருவர் 1930களில் எழுதியிருந்தார்கள். 1991இல் அந்த நோயாளிகளிடம் ஜி.என்.ஏ.எஸ். என்ற ஜீனில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. 2000இல் தசைக் கட்டிகளிலும் அதே பிழை தென்பட்டது.

இந்தப் பிழை தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை. கரு உருவான பிறகு, ஏதோ ஒரு செல்லில் தானாக நேர்கிறது. அச்சுக் கோக்கும்போது ஓர் எழுத்து மாறிவிடுவது போல. அந்தச் செல்லிலிருந்து பிரிந்தவை உடம்பில் எங்கெங்கே போய்ச் சேர்கின்றனவோ, அங்கே மட்டும் கோளாறு. யார் செய்ததும் இல்லை, செய்யாமல் விட்டதும் இல்லை.

இதை அவளிடம் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் வாசலுக்கு வந்ததால்தான் பிள்ளைக்குக் கால் வளைந்தது என்று அவள் அம்மாவை மாமியார் சாகும்வரை சொல்லிக் காட்டினாராம். அந்த அம்மாவும் அதை நம்பி, வருடா வருடம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்கும் அந்த அம்மாவிடம் ஜீன், செல் எல்லாம் விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில், "அப்போ நான் வாசலுக்கு வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா வாத்தியாரே?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காப்பி போடறேன், இருங்க" என்று எழுந்து போனார்.

நண்பர்களே, உடம்பில் கட்டி தெரிந்தால் பயந்து மறைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். என் மாணவிக்கும் எலும்பை அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். குறையோடு பிறந்த பிள்ளையைப் பார்த்தால், அதன் தாயிடம் தயவுசெய்து காரணம் சொல்லாதீர்கள்.