கருவிவழிப் பறத்தல் தகுதி: விமானத்தில் பெற்றது ஹெலிகாப்டருக்குச் செல்லுமா?

ஹவுரா: மேற்கு வங்கத் தலைமைச் செயலகமான நபன்னா அமைந்துள்ள ஹவுரா நகரில், டுமுர்ஜலா பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் இறங்குதளம் உள்ளது. மம்தா பானர்ஜி முதலமைச்சராக மேற்கொண்ட மாவட்டப் பயணங்கள் பல இங்கிருந்தே தொடங்கின. ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், கொல்கத்தாவின் பெஹாலாவில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. டம் டம் விமான நிலையத்தில் வங்கப் பறத்தல் கழகம் 1929 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது, ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றதும் அதே மாதத்தில்தான். பறக்கும் ஆசை இந்நகரங்களுக்குப் புதிதன்று.

சிறிய விமானம் ஓட்டக் கற்ற பலருக்கு அடுத்து இரண்டு ஆசைகள் எழுகின்றன. ஒன்று, கருவிவழிப் பறத்தல் தகுதி. மற்றொன்று, ஹெலிகாப்டர். முதலாவதைப் பெற்றுவிட்டால் இரண்டாவது எளிதாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி மட்டுமே உண்மை.

தனிநபர் விமானி உரிமம் (பிபிஎல்) பெறக் குறைந்தது 17 வயதும், பொதுவாக 40 மணி நேரப் பறத்தல் அனுபவமும் வேண்டும். இந்த உரிமத்தைக் கொண்டு ஊதியத்துக்கு விமானம் ஓட்ட இயலாது. மேலும், இதனை மட்டும் வைத்திருப்பவர் கண்வழிப் பறத்தல் விதிகளின்படியே பறக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே இதற்கான பொதுவான சர்வதேச வரம்பு 5 கிலோமீட்டர் பார்வைத் தெளிவு. மேகத்திலிருந்து கிடைமட்டமாக 1,500 மீட்டரும் செங்குத்தாக 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும். குளிர்கால மூடுபனியும், கோடையின் கால்பைசாகிப் புயல்மழையும், அதன்பின் பருவமழையும் சூழும் கொல்கத்தா வானில் இத்தகைய தெளிவு எல்லா நாள்களிலும் கிடைப்பதில்லை.

மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு முதல் எதிரி அவரது சொந்தச் செவியே. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களின் திரவமே உடல் திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சில விநாடிகளில் அத்திரவமும் அதே வேகத்தை அடைந்துவிடும். அதன்பின், நேராகப் பறப்பதாகவே மூளை கருதும். விமானமோ சாய்ந்தபடி உயரத்தை இழந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. கருவிவழிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிப்புறம் தெரியாத நிலையில் விமானம் ஓட்டச் செய்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

கருவிவழிப் பயிற்சியின் உள்ளடக்கம், உடல் சொல்வதை மறுத்துக் கருவி சொல்வதை ஏற்கும் பழக்கமே. வண்டிக் குதிரையின் கண்பட்டை போன்ற மறைப்பை அணிந்து, செயற்கைத் தொடுவானக் கருவி, உயரமானி, வேகமானி, திசைகாட்டி ஆகியவற்றை மாறி மாறிப் படித்தபடி மாணவர் ஓட்டுவார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரப்படி, இத்தகுதிக்கு விமானத்தின் பொறுப்பு விமானியாக 50 மணி நேர ஊர்விட்டு ஊர் பறத்தலும், 40 மணி நேரக் கருவிவழிப் பறத்தலும் தேவை. இரண்டாவதில் ஒரு பகுதியைப் பயிற்சிக் கருவியகத்திலேயே முடிக்கலாம்.

பாதிப் பயிற்சி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஜான் எஃப். கென்னடி ஜூனியர். முன்னாள் அமெரிக்க அதிபரின் மகனான அவர் தனிநபர் விமானி உரிமம் பெற்றவர்; கருவிவழிப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. 1999 ஜூலை 16 இரவு, புகைமூட்டம் படிந்த கடலின் மேல் பறந்தபோது அவரது விமானம் வீழ்ந்து மூவர் உயிரிழந்தனர். திசையுணர்வு இழப்பே காரணம் என விசாரணை அமைப்பு முடிவு செய்தது.

ஹெலிகாப்டரில் என்ன மாறுகிறது?

கருவிவழித் தகுதி வான்கலத்தின் வகைக்கேற்பத் தனித்தனியாக வழங்கப்படுவது. விமானத்துக்குப் பெற்ற தகுதி ஹெலிகாப்டருக்குச் செல்லாது. கருவிகளைப் படிக்கும் பழக்கமும் வானொலி நடைமுறைகளும் உதவும். ஆனால் கைகால்கள் புதிதாகப் பழக வேண்டும்.

விமானத்தை நிலைப்படுத்திவிட்டால், சிறிது நேரம் தானாகவே நேராகச் செல்லும். சிறிய ஹெலிகாப்டர் அப்படியன்று. இரு கைகளும் இரு கால்களும் இடைவிடாமல் வேலை செய்தால்தான் அது நிலைகொள்ளும். இதனால்தான் கருவிவழிப் பறத்தலுக்கு அனுமதி பெற்ற ஹெலிகாப்டர்களில் பொதுவாகத் தானியங்கி நிலைப்படுத்தும் அமைப்பும் பெரும்பாலும் இரண்டு எஞ்சின்களும் உள்ளன. பயிற்சிக்கு அதிகம் பயன்படும் ராபின்சன் ஆர்22, ஆர்44 வகைகள் மேகத்துக்குள் செல்வதற்கு உரியவை அல்ல. செலவு எங்கே ஏறுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

விமானியின் பழைய பழக்கமே பகையாவதும் உண்டு. விமானத்தில் ஆபத்து நேர்ந்தால் முனையைக் கீழே தள்ளுவது கற்பிக்கப்பட்ட அனிச்சைச் செயல். இரண்டு இறக்கைகள் மட்டும் கொண்ட ஆர்22 போன்ற ஹெலிகாப்டரில் அதையே சட்டெனச் செய்தால், சுழலி தன் தண்டின் மீதே மோதி முறியக்கூடும். இதன் காரணமாகவே அமெரிக்கா 1995-இல் இவ்விரு வகைகளுக்கும் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

தகுதி இருந்தாலும் மேகம் மன்னிப்பதில்லை. தமிழகத்தின் குன்னூர் அருகே 2021 டிசம்பர் 8-இல் மி-17வி5 ஹெலிகாப்டர் விழுந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானி திசையுணர்வை இழந்ததும் காரணம் என விமானப்படை அறிவித்தது. கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் பலியான 2020 ஜனவரி விபத்தில், விமானிக்குக் கருவிவழித் தகுதி இருந்தது. ஆனால் அந்நிறுவனத்துக்குக் கண்வழிப் பறத்தலுக்கு மட்டுமே அனுமதி இருந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு மேற்கு வங்கத்திலேயே உண்டு. 2023 ஜூன் 27 அன்று ஜல்பைகுரியிலிருந்து பாக்டோக்ரா நோக்கிச் சென்ற மம்தா பானர்ஜியின் ஹெலிகாப்டர் கனமழையில் சிக்கியது. விமானி பயணத்தைத் தொடராமல் சேவோக் ராணுவ விமானத் தளத்தில் அவசரமாகத் தரையிறக்கினார்.

இந்தியாவில் பயிற்சி பெறுவோருக்கு வானொலி இயக்குநர் உரிமமும் தேவை. தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்த இதற்கான தேர்வு, 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டத்தின் மூலம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் (டிஜிசிஏ) சென்றுள்ளது. கருவிவழித் தகுதியை ஒருமுறை பெற்றால் நிரந்தரம் என்றும் இல்லை. ஆண்டுதோறும் சோதனைப் பறத்தலில் தேறி அதனைப் புதுப்பிக்க வேண்டும்.