தோண்டாமல் மண்ணுக்குள் பார்ப்பது எப்படி?

துபாயில் வளர்ந்த உங்களுக்கு சோனாப்பூர் தெரிந்திருக்கும். அரசு ஏட்டில் அதன் பெயர் முஹைஸ்னா 2. இந்தியில் சோனாப்பூர் என்றால் தங்க ஊர்; தமிழில் சொன்னால் பொன்னூர். நம் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த அண்ணன்மார் ஆயிரக்கணக்கில் தங்கும் லேபர் கேம்ப்கள் அங்கேதான் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் அல் குசைஸ் குப்பைக் கிடங்கு. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி, கொழும்பில் மீதொட்டமுல்ல என்று எங்கே பார்த்தாலும் குப்பை மேட்டை ஒட்டி இருப்பது வசதி குறைந்தவர்களின் வீடுகள்தான். மீதொட்டமுல்லயில் 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மேடு சரிந்தால் உலகத்துக்கே தெரியும். ஆனால் மேட்டுக்குக் கீழே சத்தமில்லாமல் இன்னொன்று நடக்கிறது. மழைநீர் குப்பைக்குள் இறங்கி உப்பையும் அழுகலையும் உலோகத்தையும் கரைத்துக்கொண்டு கீழே வடிகிறது. இதைக் கசிவுநீர் என்கிறோம். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தத் தெருக் கிணற்றை நெருங்குகிறது? ஒரு போர்வெல் போட்டால் அந்த ஓர் இடம் மட்டும் தெரியும். குப்பையைத் துளைத்துப் போட்டாலோ, கசிவுநீர் இறங்க நாமே வழி திறந்து விட்டதாகிவிடும்.

நான் படித்தது இன்ஜினியரிங், செய்வது ஐடி கன்சல்டிங். சர்வரைப் பிரிக்காமல் லாக் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிப்பது எங்கள் அன்றாடம். மண்ணுக்கும் அப்படி ஒரு வழி உண்டு என்று தெரிந்தபோது அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கான்ராட் ஷ்லம்பர்ஜே பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1912இல் நார்மண்டியில் தம் குடும்ப நிலத்தில் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, அது பரவும் விதத்தை வரைபடமாக்கினார். அவர் தேடியது கனிமம். 1927இல் அவர் குழுவினர் அல்சாஸின் பெஷெல்ப்ரோனில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் இதே அளவீட்டைச் செய்தார்கள். வளைகுடா எண்ணெய்த் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஷ்லம்பர்ஜே நிறுவனம் அந்தக் குடும்பம் தொடங்கியதுதான்.

முறை எளிது. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் தரையில் அடிக்க வேண்டும். வெளிக்கம்பி இரண்டிலும் மின்சாரம் செலுத்தி, உள்கம்பி இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து மண்ணின் மின்தடை கிடைக்கும். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் தகவல் வரும். நல்ல நீர் இருக்கும் மணலில் மின்தடை அதிகம். கசிவுநீரில் உப்பு மிகுதி என்பதால் மின்சாரம் சுலபமாக ஓடும், எண் சட்டென்று இறங்கும்.

எண்ணெய்க்கும் கனிமத்துக்கும் பயன்பட்ட இந்தக் கருவியைக் குப்பை மேட்டுப் பக்கம் கொண்டுவந்தது பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று 1968இல் வெளியானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கார்ட்ரைட், மக்கோமஸ் என்ற இருவர் செய்தது. 1990களில் கணினி வந்து சேர்ந்தது. பல கம்பிகளில் எடுத்த எண்களை சி.டி. ஸ்கேன் போலக் குறுக்குவெட்டுப் படமாக்கும் மென்பொருளை எழுதியவர் மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த எம். எச். லோக்.

இனி நம் ஊர். பாலாற்றங்கரை ராணிப்பேட்டையில் தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன். திறந்த வெளியில் கிடந்த அந்தக் குவியலில் மழை பெய்தபோதெல்லாம் குரோமியம் கரைந்து இறங்கியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதன் ஆறு இணைதிறன் வடிவம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் அங்கே மின்தடை ஆய்வும், நீரின் ஓட்டத்தைத் தொடரும் தடங்காட்டி ஆய்வும் நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். அது கடினப் பாறை நிலம். நீர் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், அடியில் விரிசல்களிலும் ஓடுகிறது. ஆகவே குவியலுக்கு மிக அருகில் உள்ள கிணறுதான் முதலில் கெடும் என்று சொல்ல முடியாது. விரிசல் எந்தப் பக்கம் போகிறதோ, விஷமும் அந்தப் பக்கம் போகும். அதனால்தான் மண்ணுக்குள் ஒரு படம் தேவைப்படுகிறது.

இந்த முறைக்கு வரம்பும் உண்டு. மின்தடை குறைந்தால் அங்கே கசிவுநீர் இருக்கலாம், களிமண் இருக்கலாம், இயற்கை உப்புநீரும் இருக்கலாம். வளைகுடாக் கரையில் இது பெரிய சிக்கல். கடல்நீரின் மின்தடை சுமார் 0.2 ஓம்-மீட்டர்தான். கரையோர நிலத்தடி நீரும் உப்பாக இருந்தால் கசிவுநீர் அதில் தனித்துத் தெரியாது. எனவே குப்பை கொட்டும் முன்பே ஒருமுறை அளந்து வைக்க வேண்டும். பிறகு அதே கோட்டில் ஆண்டுதோறும் அளந்து மாற்றத்தைப் பார்க்க வேண்டும். எந்த நஞ்சு, எவ்வளவு என்பதைக் கிணற்றுநீர்ப் பரிசோதனை மட்டுமே சொல்லும். அந்தக் கிணற்றை எங்கே தோண்டுவது என்பதை மின்தடைப் படம் சொல்லும்.

துபாயில் நம் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதனால் நிலத்தடி நீர் நமக்கு மறந்தே போகிறது. சோனாப்பூரில் படுத்து உறங்கும் அண்ணனின் குடும்பம் ஊரில் குடிப்பதோ பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, பக்கத்தில் குப்பைக் கிடங்கோ மூடிய தொழிற்சாலையோ இருந்தால் பஞ்சாயத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே நிலத்தடியை அளந்திருக்கிறார்களா? கடைசியாக எப்போது? முடிவை ஊருக்குச் சொன்னார்களா? ராணிப்பேட்டையில் ஆலை மூடிப் பல ஆண்டு கழித்துத்தான் அந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை கிணறுகளிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.