விலை கொடுத்தவனும் பூட்டும்



திருடனுக்கு அஞ்சி வீட்டுக்குப் பூட்டுப் போடுவது உலக வழக்கம். ஆனால் அந்தப் பூட்டைத் திருடன் நொடியில் திறந்துகொண்டு உள்ளே போய்விட, வீட்டுக்காரன் மட்டும் சாவியும் கையுமாகத் திண்ணையில் நின்று தவிப்பானாயின், அதை என்னவென்று சொல்வது? கணிப்பொறி விளையாட்டுகளின் வரலாற்றில் இந்த விந்தை நாற்பது ஆண்டுகளாக நிகழ்ந்து வருகிறது. அவ்வரலாற்றை, விளையாட்டைப் படைத்தவன் பக்கமும் திருடியவன் பக்கமும் நில்லாமல், முறையாக விலை கொடுத்து வாங்கியவன் பக்கம் நின்று இன்று நோக்குவோம்.

கணிப்பொறி வீட்டுக்குள் நுழைந்த காலத்திலேயே இவ்வழக்கும் தொடங்கிவிட்டது. 1976ஆம் ஆண்டு பிப்ரவரியில், இருபது வயது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், அமெரிக்கக் கணிப்பொறி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். தாமும் நண்பர்களும் உழைத்து எழுதிய நிரலைப் பலரும் விலை கொடாமல் நகலெடுத்துப் பயன்படுத்துவது திருட்டேயன்றி வேறில்லை என்பது அதன் சாரம். அவர் முறையீட்டில் நியாயம் இருந்தது. எழுத்தை நம்பிப் பிழைக்கும் என் போன்றோர் அதை மறுப்பதற்கில்லை.

முறையீட்டால் பயன் விளையவில்லை. எனவே பூட்டுகள் பிறந்தன. 1980ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் விளையாட்டுகள் சாதாரண ஒலிநாடாவில் விற்கப்பட்டன. இரண்டு நாடாப் பெட்டிகள் இருந்தால் போதும், எவரும் நகலெடுக்கலாம். இதைத் தடுக்க, 1984இல் வெளிவந்த 'ஜெட் செட் வில்லி' என்னும் விளையாட்டுடன், வண்ணக் கட்டங்கள் நிறைந்த அட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. திரை கேட்கும் கட்டத்தின் நிறங்களை அட்டையில் பார்த்துச் சொன்னால்தான் விளையாட்டு தொடங்கும். வண்ண நகல் எந்திரங்கள் அரிதாயிருந்த காலமாதலால் இது நல்ல உபாயமாகவே தோன்றியது. நிறக்குருடு உள்ள வாடிக்கையாளன் என்ன செய்வான் என்பதை மட்டும் எவரும் எண்ணவில்லை போலும்!

அடுத்து வந்தது 'லென்ஸ்லாக்' என்னும் பிளாஸ்டிக் வில்லை. திரையில் சிதைந்து தெரியும் எழுத்துகளை அந்த வில்லையின் வழியே நோக்கினால் அவை ஒழுங்காகத் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியின் அளவு பொருந்தாவிட்டால் எவ்வளவு நோக்கினும் ஒன்றும் புலப்படாது. 'எலைட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் சில பிரதிகளுடன் வேறு விளையாட்டுக்குரிய வில்லையே அனுப்பப்பட்டுவிட்டது. அவற்றை வாங்கியவர்கள், பணம் கொடுத்தும் பார்வையாளராகவே இருந்தனர்.

எல்லாப் பூட்டும் இவ்வாறு கசந்தன என்று சொல்லுவது பொருந்தாது. 1990இல் வெளிவந்த 'மங்கி ஐலண்ட்' விளையாட்டுடன், சுழலும் காகிதச் சக்கரம் ஒன்று வந்தது. கடற்கொள்ளைக்காரர் முகங்களின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் திரையில் உள்ளவாறு பொருத்தினால் ஓர் ஆண்டின் எண் கிடைக்கும், அதுவே திறவுகோல். பூட்டே ஒரு சிறு விளையாட்டாய் அமைந்தமையால், அதைப் பலர் இன்றும் அன்புடன் நினைவுகூர்கின்றனர்.

குறுந்தட்டுகள் வந்தபின் நிலைமை மாறியது. சாதாரண எந்திரம் நகலெடுக்க இயலாத அடையாளங்களைத் தட்டிலேயே பொறித்து, அவை உள்ளனவா என்று கணிப்பொறியைச் சோதிக்கச் செய்யும் 'சேஃப்டிஸ்க்', 'செக்யூராம்' முதலிய முறைகள் பரவின. 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், இத்தகைய பூட்டை உடைப்பதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. ஆயினும் இப்பூட்டுகளின் முடிவைக் கேளுங்கள். 2015இல் வெளிவந்த 'விண்டோஸ் 10', பாதுகாப்புக் கருதி அப்பழைய பூட்டு முறைகளுக்கு இடம் தர மறுத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நேர்மையாக வாங்கி அலமாரியில் போற்றி வைத்த தட்டுகள் பல அன்று ஊமையாயின. பூட்டு நீக்கப்பட்ட திருட்டுப் பிரதிக்கோ இத்தடையே இல்லை!

2008ஆம் ஆண்டில் வழக்கு மக்கள் மன்றத்துக்கே வந்தது. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட 'ஸ்போர்' விளையாட்டை, வாங்கியவர் மூன்று கணிப்பொறிகளில் மட்டுமே பதிவு செய்யலாம் என்று வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வரம்பு கட்டியது. சினமுற்ற வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கானோர் அமேசான் கடையில் அவ்விளையாட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் அளித்துத் தம் கண்டனத்தைப் பதிவு செய்தனர். நீதிமன்ற வழக்கும் எழுந்தது. பின்னர் வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. பூட்டு உடைக்கப்பட்ட பிரதியோ, வெளியீட்டு நாளுக்கு முன்னரே உலகெங்கும் உலவத் தொடங்கியிருந்தது.

அக்காலத்தில் என் வீட்டிலும் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. விடுமுறைக்குத் தில்லி வந்திருந்த என் அக்காள் மகனுக்கு வேறொரு விளையாட்டை, அசல் தட்டாகவே வாங்கித் தந்தேன். இளநிலை மொழிபெயர்ப்பாளனின் சம்பளத்தில் அது சிறு செலவன்று. நாங்கள் அப்போதுதான் புதிய குடியிருப்புக்கு மாறியிருந்தோம்; இணைய இணைப்பு வந்து சேரவில்லை. இணையத்தில் பதிவு செய்தாலன்றித் திறவேன் என்றது தட்டு. பக்கத்து வீட்டுப் பையனோ, கடைவீதி நடைபாதையில் மலிவாக வாங்கிய நகலில் அன்று மாலையே ஆடிக்கொண்டிருந்தான். "மாமா, நாம காசு கொடுத்துதான் தப்பாப் போச்சா?" என்று அக்காள் மகன் கேட்டான். என்னிடம் விடை இல்லை. விடுமுறை முடிந்து அவன் ஊர் திரும்பினான். இணைப்பு அதன்பின் வந்தது.

மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்லும் நம் போன்ற குடும்பங்களுக்கு இத்தொல்லை புதிதன்று. ஆனால் 2010இல், நிலையான முகவரி உடையவர்களும் அதைச் சுவைக்க நேர்ந்தது. 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டின் கணிப்பொறிப் பதிப்பை ஆட, இணையத் தொடர்பு இடையறாது இருக்கவேண்டும் என்று யூபிசாஃப்ட் நிறுவனம் விதித்தது. வெளிவந்த மார்ச் மாதத்திலேயே நிறுவனத்தின் சேவைக் கணிப்பொறிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. விலை கொடுத்த பலர் விளையாட இயலாமல் காத்திருந்தனர். அப்பூட்டும் சில வாரங்களில் உடைக்கப்பட்டது.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? போலந்து நாட்டைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் வார்சா நகரச் சந்தைகளில் நகல்கள் வெளிப்படையாக விற்கப்பட்டன. 1994இல் தொடங்கப்பட்ட சிடி ப்ரொஜெக்ட் என்னும் நிறுவனம், பூட்டைப் பெரிதாக்காமல் பொருளைச் சிறப்பாக்க முனைந்தது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்னும் கனடிய விளையாட்டைப் போலிஷ் மொழியில் பெயர்த்து, புகழ்வாய்ந்த நடிகர்களைப் பேசச் செய்து, வரைபடமும் இசைத்தட்டும் பெட்டியில் சேர்த்து விற்றது. சந்தைக்காரன் தரமுடியாததை அசல் பிரதி தந்தமையால், மக்கள் விரும்பி வாங்கினர். தாய்மொழியில் நன்கு பெயர்க்கப்பட்ட சொல்லே திருட்டுக்கு எதிரான காவலாயிற்று என்பதில், மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதே நிறுவனம் 2008இல், பூட்டே இல்லாத விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையையும் திறந்தது. அது இன்றும் நடைபெறுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பவனைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. முறையாகப் பெற்ற நிரல் அழிந்துவிடாதிருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. திருடனையும் வாடிக்கையாளனையும் வேறுபடுத்தி நோக்கும் இப்பார்வை போற்றத்தக்கதே.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2014இல் விற்கப்பட்ட 'தி க்ரூ' என்னும் விளையாட்டின் சேவைக் கணிப்பொறிகளை, 2024 மார்ச் 31ஆம் நாளுடன் யூபிசாஃப்ட் நிறுத்தியது. வாங்கியவர் எவரும் அதன்பின் அதை ஆட முடியவில்லை. மின்வழி விற்கப்படுவது உடைமை அன்று, உரிமம் மட்டுமே எனில், அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

என் அக்காள் மகன் இன்று பெங்களூரில் பணிபுரிகிறான். விளையாட்டுகளை விலை கொடுத்தே வாங்குகிறான். ஆனால் பூட்டில்லாத கடை எது என்று தேடி வாங்குகிறான். அன்று அவன் கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுவிட்டான். நேர்மையாளனை நம்பும் வணிகனுக்கே நேர்மையாளனும் வாடிக்கையாகிறான்.