ரூபாய்க் குறி வந்த வரலாறு

‘ரூப்ய’ என்னும் வடசொல் வெள்ளியைக் குறிக்கும். கி.பி. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, ஏறத்தாழ 11.5 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டு அதற்கு ‘ரூபியா’ எனப் பெயரிட்டார். நம் தீவுகளுக்கோ ரூபாய் பிந்தி வந்த பொருள். நிக்கோபாரில் நெடுங்காலம் தேங்காயே பணமாக நின்றது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் 1858-இல் கைதிக் குடியிருப்பு தோன்றிய பின், அதன் பயன்பாட்டிற்கென 1861-இல் ஒரு ரூபாய்ச் செப்பு வில்லைகள் அச்சிடப்பெற்றன.

ரூபாயை எழுத்தில் குறிக்கத் தமிழர் பிறரை எதிர்நோக்கவில்லை. நம் முன்னோர் கணக்கேடுகளில் ரூபாய்க்கு ௹ என்னும் குறி இருந்தது. நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டிற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என ஒரு கணக்குப்பிள்ளையின் உலகமே இக்குறிகளில் அடங்கியிருந்தது. தாய்நாட்டிலிருந்து பெட்டியில் கொணர்ந்த பாட்டனாரின் கிரயப்பத்திரத்தை இன்று விரித்தால், நம்மில் பலருக்கு இவை வெறும் கோடுகளாகத் தோன்றும். நிலம் எத்தொகைக்கு விலையாயிற்று, கடன் தீர்ந்ததா இல்லையா என்பதை அறியப் பிறர் துணையை நாட வேண்டியுள்ளது. இது சிறிய இழப்பன்று.

ஓர் அணாவிற்குப் பன்னிரண்டு பைசல்லி, ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த கணக்கு, 1957 ஏப்ரல் 1 முதல் நூறு காசாக மாறியது. ‘ரூ. 5-8-0’ என்று எழுதிய கைகள் ‘ரூ. 5.50’ என்று எழுதப் பழகின. ஆங்கிலத்தில் எழுதிய ‘ஆர்-எஸ்’ என்னும் சுருக்கம் மட்டும் மாறவில்லை. பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளும் ரூபாய் வழங்குவோரே. ஆதலின் அச்சுருக்கம் எந்நாட்டுப் பணம் என்பதைச் சொல்லாது.

இக்குறையைப் போக்க நடுவணரசு 2009-இல் போட்டி ஒன்றை அறிவித்தது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வடிவங்களுள், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்துவந்த தமிழ்நாட்டு இளைஞர் த. உதயகுமார் அவர்களின் வடிவமே தேர்வாகி, 2010 சூலை 15 அன்று அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றது. தேவநாகரி ‘ர’வும், தண்டு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தும் இணைந்த வடிவம் அது. தமிழெழுத்தில் தோய்ந்த ஒருவர் கையினின்று அது பிறந்தது நமக்குப் பெருமையே.

ஆனால் குறி பிறந்த அன்று அதற்குக் கணிப்பொறியில் இருக்கை இல்லை. பொறுமையற்றோர், விசைப்பலகையின் இடக்கோடியிலுள்ள சாய்கீற்று எழுத்தின் இடத்தில் ரூபாய் வடிவத்தைப் பொருத்திய எழுத்துருக்களை ஆக்கினர். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அத்தாளைத் திறந்தால், தொகைக்கு முன் ரூபாய் மறைந்து சிறு கீற்றே நிற்கும்! தண்டவாளமே காணாத தீவில் இரயில் பயணச்சீட்டுக் கணக்கெழுதும் எம்போன்றோர்க்குத் தொகையின் தலையெழுத்தே அழிந்தாற்போன்ற திகைப்பு அது.

2010 அக்டோபரில் ஒருங்குறி 6.0 பதிப்பு இதற்கு 20பி9 என்னும் தனியெண் வழங்கிற்று. ‘ஆர்-எஸ்’ ஒட்டெழுத்தின் எண் 20ஏ8. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. இந்திய விசைப்பலகை அமைப்பில் வலப்புற ஆல்ட் விசையை அழுத்தியவாறு 4-ஐத் தட்டினால் ₹ தோன்றும். இது சுருக்கமன்று, குறி. ஆகவே பின்னே புள்ளி வேண்டா. ‘₹500 ரூபாய்’ என்பார் ரூபாயை இருமுறை கூறுகின்றனர். கடைப்பலகைகளில் இப்பிழை மலிந்துள்ளது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டரசு தன் வரவு செலவுத் திட்டச் சின்னத்தில் ₹ குறிக்கு மாற்றாக ‘ரூ’ என்னும் எழுத்தைப் பொறித்தபோது பெருவாதம் எழுந்தது. தமிழ்த் தாளில் ‘ரூ.’ என்றெழுதுவது புதுமையும் அன்று, பிழையும் அன்று என்பது எம் கருத்து. அவ்வாதத்தில் ௹ குறியை நினைத்தோர் சிலரே. அதுவோ ₹ குறிக்கு ஏழாண்டு முன்னதாக, 2003-லேயே, ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது.