எண்ணெய்க் குதங்களின் ஓரமாக

2022 ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் பகுதி ஆசிரியர்கள் பலர் வளவுக்குள் சாத்தி வைத்திருந்த பழைய சைக்கிள்களை வெளியே எடுத்தோம். டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுப் பாடசாலை திறந்த நாட்களில் அதிலேயே போய் வந்தோம். திறக்காத நாட்களில் எங்களுள் மூன்று பேர் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, வெள்ளைமணல் வழியாகச் சீனக்குடாப் பக்கம் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினோம். உடம்புக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். எனக்கோ அந்த வீதியின் அமைதிதான் பிடித்துப் போயிற்று. வழக்கமாகச் சீமெந்து லொறியும் மா லொறியும் புழுதி கிளப்பும் வீதி அது. அந்த நாட்களில் காகத்தின் சத்தமும் எங்கள் சைக்கிள்களின் கிறீச்சொலியும் தவிர வேறொன்றுமில்லை. ஒரு பக்கம் குடாக் கடல், மறுபக்கம் காடு. அந்தக் காட்டுக்குள்ளேதான் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன.

வேடிக்கையைப் பாருங்கள். ஒரு போத்தல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் கியூவில் நின்ற நாங்கள், சுமார் பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளக்கூடிய குதங்களின் ஓரமாகச் சைக்கிள் மிதித்துக் கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தாயிரம் தொன் கொள்ளும். மொத்தம் 101 கட்டப்பட்டு, இன்று 99 எஞ்சியிருக்கின்றன. 1920களில் தொடங்கி 1930களில் கட்டி முடிக்கப்பட்டவை இவை. முதலாம் உலக யுத்தத்தை ஒட்டிய காலத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்ப ஓரிடம் வேண்டியிருந்தது. அதற்குத் திருகோணமலையைப் போன்ற ஆழமான இயற்கைத் துறைமுகம் வேறெங்கே கிடைக்கும்? எங்கள் காடு இப்படித்தான் இன்னொருவரின் யுத்தத்துக்குக் களஞ்சியமாயிற்று.

சைக்கிளில் போகும்போது மனம் சைக்கிளைப் பற்றியும் யோசிக்கிறது. இந்தக் குதங்களுக்கு மேல் 1942இல் குண்டு விழுந்ததற்கும் சைக்கிளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1941 டிசம்பர் 8ஆந் திகதி மலாயாவின் வடகரையில் இறங்கிய யப்பானியப் படை, எழுபது நாட்களுக்குள் சிங்கப்பூரைப் பிடித்தது. அந்தப் படையின் காலாட்களில் பெருந்தொகையினர் சைக்கிளில் வந்தவர்கள். பிரித்தானியர் இறப்பர்த் தோட்டங்களுக்காகப் போட்ட நல்ல தார் வீதிகள் அவர்களுக்கு உதவின. வெயிலில் டயர் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் றிம்மிலேயே ஓட்டினார்களாம். இருளில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டவர்கள் டாங்கிகள் வருகின்றன என்று மிரண்டு பின்வாங்கியதாகவும் சொல்வார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அன்றிலிருந்து இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய பெருந்துறைகளுள் முன்னணியில் நின்றது திருகோணமலை.

ஏப்ரல் மாதம் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் யப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்கியது. 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானமொன்று அதைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அட்மிரல் சமர்வில்லின் கீழிருந்த பிரித்தானியக் கப்பற்படையின் பெரும்பகுதி அப்போது மாலைதீவின் அத்து தீவுக்கூட்டத்தில் ஒளித்து வைத்திருந்த இரகசியத் தளத்தை நம்பியிருந்தது. அந்த முஸ்லிம் தீவுகளிலும் யாரையும் கேட்டுக்கொண்டு யுத்தம் போய் இறங்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு மேல் வந்தன. சீனக்குடா விமானத் தளத்திலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. பின்னர் மூழ்கடிக்கப்பட்ட அந்தக் கப்பலை 2018இல்தான் நமது கடற்படை வெளியே எடுத்தது. முந்தைய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டது. விமானந்தாங்கி என்பது பெயரளவில்தான். அன்று அதில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனுடன் மாண்டனர். துணைக்குச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் நெருங்கி வந்து நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றியது.

அன்றுதான் ஒரு யப்பானிய விமானம் 91ஆம் இலக்கக் குதத்தின் மீது மோதியது. வேண்டுமென்றே மோதினான் என்று சொல்வதுதான் வழக்கம். அடிபட்டு நிலைகுலைந்த விமானம் போய் விழவும் கூடும். கதைக்கு முந்தியது நன்றாக இருக்கிறது என்பதால் அதுவே நிலைத்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். தீ ஒரு வாரமளவு எரிந்தது. உருகி நெளிந்த இரும்பு இன்றும் அங்கே கிடக்கிறது. தீப்பிடித்த அந்த வாரம் என் உம்மம்மாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். "பகலெல்லாம் கரும்பொகை, ராவைக்கு வானம் செவப்பு" என்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல் வாடிக்குப் போய்ப் பல நாள் அங்கேயே கிடந்தார்களாம். யாராவது வயது கேட்டால் அவர் ஆண்டு சொல்லமாட்டார். "குண்டு விழுந்த வருஷம் எனக்குப் புத்தி தெரியும்" என்றுதான் சொல்வார். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைக்கு அதுவே நாட்காட்டி.

குண்டுவீச்சுக்குப் பின் துறைமுகத் தொழிலாளர் பலர் ஊரைவிட்டு ஓடிப்போனதைப் பிரித்தானியரின் எழுத்துக்கள் ஒரு குறையாகவே குறிப்பிடுகின்றன. ஓடாமல் என்ன செய்வது? அது அவர்களுடைய யுத்தமா? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இந்த யுத்தத்தைப் படிப்பித்தபோது அட்மிரல்களின் பெயர்களையும் கப்பல்களின் பெயர்களையும் மனனம் செய்தோம். வயல் வாடியில் கிடந்தவர்கள் அந்தப் பாடத்தில் வரவில்லை.

அவர்களுடைய யுத்தம் வேறாக இருந்தது. அது அரிசியில் வந்தது. அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது. அதில் மிகப் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அவ்வாண்டில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்தது. அரிசி குறைந்த இடத்துக்குக் கோதுமை மாவும், பஜிரி என்ற கம்பு இனத் தானியமும் வந்தன. பஜிரியை எங்கள் பெண்கள் மாவாக்கி ரொட்டி சுட்டும் தொண்டையில் இறங்கவில்லை என்று உம்மம்மா சிரிப்பார். மரவள்ளிக்கிழங்கு காப்பாற்றியது. யுத்தம் முடிந்தது, பஜிரி போயிற்று, கோதுமை மாவு மட்டும் போகவில்லை. பாணும் ரொட்டியும் அதன் பிறகு நம் கிராமங்களின் உணவாகவே ஆகிவிட்டன.

சீனக்குடாக் கரையில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிரீமா மா ஆலையைத் தாண்டும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். அது சிங்கப்பூர்க் கம்பனியுடையது. அதற்கு அயலிலேயே யப்பானியக் கூட்டுடன் தொடங்கிய டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. 1942இல் சிங்கப்பூரை வென்று, எங்கள் மீதும் குண்டு போட வந்த நாட்டின் தலைநகரப் பெயர் எழுதிய சீமெந்துப் பையால்தான் எங்களூர் வீடுகள் பல எழும்பியிருக்கின்றன. வரலாற்றுக்கு வெட்கம் கிடையாது.

2022 ஓகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது வாராந்தப் பங்கைப் பெறப் போனில் ஒரு கறுப்புக் கட்டத்தை நீட்டினோம். "இதுவும் கூப்பன்தானே" என்று கியூவில் நின்ற முதியவர் ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்ற இளைஞனுக்கு விளங்கவில்லை.

இந்த வீதியின் அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. முப்பது வருட யுத்தத்தில் எங்கள் தலைமுறை சீனக்குடாவை வேடிக்கை பார்த்தபடி கடந்ததே கிடையாது. சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும். கிண்ணியாவிலிருந்து வெளியேற இழுவைப் படகுதான். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு ஓடி வந்தபோது கந்தளாயிலும் கிண்ணியாவிலும் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. 2008 ஓகஸ்ட் 26இல் புலிகளின் விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு போட்டபோது, "இன்னொரு முறையா?" என்று கேட்டவர்கள் 1942ஐக் கண்ட கிழவர்கள் மட்டும்தான். 2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியில் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகே எங்களால் இப்படி உலாப் போக முடிந்தது.

ஒரு சனிக்கிழமை சற்றுத் தொலைவு போனோம். நகரத்தைத் தாண்டி நிலாவெளி வீதியில், பொதுநலவாய யுத்த மயானம். புல் வெட்டி, கற்கள் வரிசையாக நிற்க, பிரித்தானியரும் இந்தியரும் பிறரும் அங்கே படுத்திருக்கிறார்கள். இருபது வயது, இருபத்திரண்டு வயது என்று கற்களில் வெட்டியிருக்கிறது. அந்நிய மண்ணில் கிடக்கும் அந்தப் பிள்ளைகளுக்காக மனம் இளகத்தான் செய்தது. ஆயினும், இரண்டு யுத்தத்திலும் எங்கள் கரையில் இறந்தவர்களுக்கு இப்படி ஒரு வரிசை எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடுதான் திரும்பினேன்.

குதங்களின் கதை இன்னும் முடியவில்லை. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இக்குதங்கள் இடம்பெற்றன. 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்குக் குத்தகைக்குப் போனது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி அக்கிளைக்கு 14, நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. உடன்படிக்கை கைச்சாத்தாகி ஆறு மாதத்தில்தான் நாங்கள் சைக்கிளுக்கு மாறினோம் என்பது தனிக் கதை.

இப்போது பத்தாந்தர மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள மிக முதியவரிடம் பஜிரி ரொட்டியைப் பற்றியும் கூப்பனைப் பற்றியும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரவேண்டும். இதுவரை பதினொரு கொப்பிகள் வந்திருக்கின்றன. மூன்றில், "கேட்கப் போனபோது மௌத்தாகிவிட்டார்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாசகர்கள் யார் வீட்டிலாவது அந்தக் காலக் கூப்பன் புத்தகம் பெட்டியின் அடியில் கிடந்தால், கறையான் தின்னுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.