முறுக்கில் நிற்கும் நூல்

கண்டி மலைகள் தாழ்ந்து சமவெளியோடு கலக்கும் மாத்தளை மாவட்டத்தின் வடபால், குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கலேவெல. முற்காலத்தில் கண்டி நாட்டுச் சிற்றூர்களில் பருத்தி சேனைப் பயிராக விளைந்தது. பெண்டிர் அதனை வீட்டில் நூற்றனர். நெசவுத் தொழிலாளர் அதனை ஆடையாக்கினர்.

ஈழத்தில் நூற்புக் கலை மிகப் பழையது. விசயன் கரையேறியபொழுது குவேனி ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்பது மகாவம்சம் கூறும் கதை. பஞ்சு எடுத்து, நூற்று, நெய்து, தைத்து, ஒரே நாளில் துறவியர்க்குக் கடின சீவரம் அளிக்கும் வழக்கமும் பௌத்தரிடையே உண்டு. அத்துணை விரைவிலும் இழை அறாமல் நிற்க வேண்டுமாயின் அதற்கு முறுக்கு வேண்டும்.

முறுக்கு என்பது யாது? பஞ்சின் இழைகள் குறுகியவை. அவற்றைத் திருகும்பொழுது ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. முறுக்குக் குறைந்தால் இழைகள் வழுக்கி நூல் அறும். மிகுந்தால் நூல் சுருண்டு முடிச்சிடும். ஊடைக்குச் சற்றே தளர்ந்த நூல் போதும். தறியில் இழுத்துக் கட்டப்பட்டு, ஓயாது உராய்வுக்கு உள்ளாகும் பாவுக்கோ உறுதியான முறுக்கு இன்றியமையாதது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஓர் இறாத்தல் எடையில், 840 கெசம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் இலக்கம். இலக்கத்தின் வர்க்க மூலத்தை நான்கால் பெருக்கினால், பாவு நூலுக்கு ஓர் அங்குலத்தில் வேண்டிய முறுக்கு ஏறத்தாழக் கிடைக்கும். 16 இலக்க நூலுக்கு 16 முறுக்கு; ஆகவே 24 அங்குல இழைக்கு 384 முறுக்கு வேண்டும். இராட்டையின் சக்கரம் ஒருமுறை சுழலக் கதிர் 80 முறை சுழலுமாயின், சக்கரத்தை ஏறக்குறைய ஐந்து முறை சுற்ற வேண்டும். இழையை நீட்டிய கை, சுற்றுவதற்கு முன் சற்று நின்று இம்முறுக்கை நிறைவு செய்வதே நல்ல நூற்பு.

ஆயினும் முறுக்கு எங்கும் சமமாகப் பரவுவதில்லை. மெல்லிய இடத்தில் அது மிகுதியாகச் சேரும். தடித்த இடத்தில் குறையும். ஆதலின் முறுக்கைத் திருத்தும் வேலை கதிரில் மட்டுமன்று, பஞ்சைச் சீராக அடித்துப் பட்டை போடுவதிலேயே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை நூல் வந்தது. மலிவோடு, ஒரே சீரான முறுக்கும் அதன் வலிமையாயிற்று. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டி நாட்டு நெசவை விவரித்தபொழுது, அக்கலை நலிந்துகொண்டிருந்தது.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கதருக்கு நிதி திரட்டினார். இந்தியாவில் கதர் இயக்கம் எதிர்கொண்ட பெரிய இடர்ப்பாடும் இதுவே: கைந்நூலைப் பாவாக இட நெசவாளர் தயங்கினர். அறுந்த ஒவ்வோர் இழையும் அவர்தம் கூலியைக் குறைத்தது. ஆகவே நூலைச் சோதித்து நூற்பவர்க்குப் பயிற்சியளிப்பது 1925-இல் தோன்றிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1929-இல் சிறந்த இராட்டை அமைப்பவர்க்கு ஓர் இலட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தர வேண்டும் என்பது விதி. அப்பரிசை எவரும் பெற்றிலர்.

பின்னர், 1949-இல் தமிழ்நாட்டவரான ஏகாம்பரநாதன் அமைத்த இராட்டை, அவர் பெயரின் சுவட்டில் அம்பர் சர்க்கா எனப்பட்டது. அதில் பஞ்சை நீட்டும் உருளைகளும் கதிர்களும் ஒரே கைப்பிடியால் இயங்குகின்றன. நீட்டும் அளவும் சுழலும் அளவும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் முறுக்கு கையின் சோர்வால் மாறுவதில்லை.

பண்டைய சிற்றூர்ப் பெண்டிர் இக்கணக்கை எழுதிவைத்தாரல்லர். விரல் நுனியில் வைத்திருந்தனர். நூற்பவரின் பொறுமையே நெசவாளரின் ஊதியம் என்பதை அவர் கை அறிந்திருந்தது.